பழைய கொப்பியும் புதிய விண்ணப்பமும்

அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் இன்று சட்டக் கல்லூரிக்கும் மருத்துவ பீடத்துக்கும் வெளிநாட்டுத் தாதியர் கற்கைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாய்க் குத்தும். முன்பு பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் ஒப்படையைக் கொப்பி அடித்துப் பிடிபட்டார்கள், விசாரணை நடந்தது, அந்தப் பாடத்தை மறுபடி எழுதித் தேறினார்கள். இப்போது விண்ணப்பம் கேட்கிறது: 'உங்கள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா?' சொல்வதா, விடுவதா? ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு இதை நாம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கொழும்பில் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. அங்கே படித்துத் தேறிவிட்டால் மட்டும் ஒருவர் சட்டத்தரணி ஆகிவிடமாட்டார். அவரைச் சேர்த்துக்கொள்வது உயர் நீதிமன்றம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அப்படிச் சேர்க்கப்படுகிறவரிடம் போதிய அறிவும் ஆற்றலும் இருக்க வேண்டும் என்கிறது. அதோடு நற்பெயரும் வேண்டும் என்கிறது. வைத்தியர்களுக்கான 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டமும் பதிவுக்கு நன்னடத்தையைக் கேட்கிறது. பிரித்தானியாவில் தாதியாகப் பதிய விரும்புகிறவரும் தன் நன்னடத்தை பற்றி உறுதி கூற வேண்டும்.

அறிவைப் பரீட்சை அளந்துவிடும். நடத்தையை எதை வைத்து அளப்பது? கடந்த காலத்தைக் கேட்பார்கள். அதை நாம் சொல்லும் விதத்தையும் பார்ப்பார்கள். இது வீண் கெடுபிடி இல்லை. ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தையோ காணி உறுதியையோ வாசிக்கத் தெரியாத ஒரு தாய், நாளை நம் பிள்ளையை நம்பித்தான் அதில் கையெழுத்து வைக்கப் போகிறார். அவருக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை. மலையகத்தில் இது எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இனித்தான் வருகிறது. 'கொப்பி அடித்ததற்காகத்தான் நிராகரிப்பார்கள், ஆகவே சொன்னால் கெட்டேன்' என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த ஒரே கேள்வியில் இரண்டு நடத்தைகள் பரிசோதிக்கப்படுகின்றன. ஒன்று, பத்தொன்பது வயதில் நீங்கள் செய்தது. மற்றது, இன்று இந்தப் படிவத்தில் நீங்கள் செய்வது. முதலாவது பழசு, திருந்தியதைக் காட்ட வழி உண்டு. மறைத்தால் இரண்டாவது இன்றைய பிழையாகிவிடும். அதைச் செய்தவர் அந்தப் பழைய மாணவர் என்று சொல்லித் தப்ப முடியாது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். முற்றின இலை மேலே தெரிந்தால் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதிக்கொள்வார். அதே இலை நல்ல கொழுந்துக்கு அடியில் ஒளித்திருந்து அகப்பட்டால் கூடை முழுவதையும் கொட்டிக் கிளறுவார். அடுத்த நாள் கூடையையும் கிளறுவார்.

சிங்கப்பூரில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். அங்கே 2020இல் சட்டத்தரணிகளுக்கான பரீட்சை, தொற்றுக்காலம் என்பதால் இணையவழியில் நடந்தது. ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் விடைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆறாவது ஒருவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். சட்டத்தரணியாகச் சேர்வதற்கான அவர்களுடைய விண்ணப்பங்கள் 2022இல் நீதிபதி சூ ஹான் டெக் முன் வந்தன. விசாரணையில் ஒப்புக்கொண்ட ஐவருக்கும் ஆறு மாதத் தாமதம். ஆரம்பத்தில் செய்யவில்லை என்று நின்ற ஆறாமவருக்கு ஒரு வருடம். யாருக்கும் கதவு நிரந்தரமாக அடைக்கப்படவில்லை. அதே வருடம் இதைப் போன்ற வேறொரு வழக்கில் பிரதம நீதியரசர் சுந்தரேஷ் மேனன், இந்தக் காத்திருப்பின் நோக்கம் தண்டிப்பது அல்ல, விண்ணப்பதாரர் இன்று தொழிலுக்குத் தகுந்தவர்தானா என்று பார்ப்பதே என்று விளக்கினார். எனக்கு இது மிக நியாயமான பார்வையாகப் படுகிறது.

அமெரிக்காவில் ஸ்டீபன் கிளாஸ் என்பவரின் கதை கடுமையானது. சட்டம் படித்துக்கொண்டே பத்திரிகையாளராக வேலை செய்தவர் அவர். பொய்ச் செய்திகளைப் புனைந்து 1998இல் அகப்பட்டார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014இல் அவரைச் சட்டத்தரணியாக ஏற்க மறுத்தது. முன்பு நியூயோர்க்கில் விண்ணப்பித்தபோது தன் புனைவுகளை முழுமையாகப் பட்டியலிடாததும் அவருக்கு எதிராக நின்றது. பாதி சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

'தண்டனை முடிந்துவிட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று சிலர் கேட்பார்கள். தண்டனை முடிந்தது உண்மை. ஆனால் படிவம் கேட்பது நடந்ததா என்று. 'யாருக்குத் தெரியப் போகிறது?' என்றால், பீடத்தின் கடிதம் இருக்கிறது, கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். உயர் தரத்தில் குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளி மாவட்டத்தார் நுவரெலியாவில் பதிவதைப் பற்றி நாமே எத்தனை தரம் முறைப்பாடு செய்திருக்கிறோம்! தகவல் பொய் என்று பின்னால் தெரிந்தாலும் பல்கலைக்கழகப் பதிவு இரத்தாகும் என்ற விதியை நாம்தானே எடுத்துக்காட்டுகிறோம். அதே அளவுகோல் நமக்கும்தான்.

சரி, எப்படி எழுதுவது? கேள்வியை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். 'குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா' என்பதும் 'விசாரிக்கப்பட்டீர்களா' என்பதும் வேறு வேறு. விசாரித்து விடுவிக்கப்பட்டவர் முதலாவதற்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆம் என்றும் எழுத வேண்டியிருக்கும். கேட்காததைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு நான்கைந்து வரி போதும்: எந்த வருடம், எந்தப் பாடம், என்ன செய்தேன், என்ன தீர்ப்பு, அதன்பின் என்ன. 'எல்லோரும்தான் செய்தார்கள்', 'விரிவுரையாளருக்கு என்னைப் பிடிக்காது' என்பவை வேண்டாம். வீட்டில் அப்போது கஷ்டம் இருந்திருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். அதைச் சாக்காக நீட்ட வேண்டாம். பீடத்தின் தீர்ப்புக் கடிதத்தை இணையுங்கள். நற்சான்றிதழ் தருகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் இதே விவரம் இதேபடி இருக்கட்டும்.

ஏற்கெனவே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே திருத்தி எழுதிக் கொடுங்கள். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களாகச் சொல்வதற்கு மதிப்பு உண்டு. சத்தியக்கடதாசியில் கையெழுத்திட்டிருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கும், கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வேகத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியைப் பிள்ளைக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, பதிலை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். கையெழுத்து அவருடையது.