பழைய காரை விற்றாலும் பெயர் மாறாவிட்டால் சம்மன் பழைய உரிமையாளருக்கே

கியா பார்ம் போன்ற இடங்களில் பழைய சாகாவையோ மைவியையோ தெரிந்தவருக்கே விற்றுவிடுவது வழக்கம். பணமும் சாவியும் கைமாறியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் வினை. பெயர் மாறும் வரை அந்தக் காரின் சம்மன்கள் பழைய உரிமையாளருக்கே வரும்.

விலையை முடிவு செய்ய, அதே மாடல், அதே ஆண்டுக் காரின் இணைய விளம்பரங்களைப் பார்க்கலாம். அதில் இருப்பது கேட்கும் விலைதான், கைக்கு வருவது சற்றுக் குறையும். வியாபாரி தன் லாபத்தையும் பழுதுச் செலவையும் கழித்தே விலை சொல்வார். மலையில் ஓடிய கார் என்றால் பிரேக், கிளட்ச்சைத்தான் முதலில் பார்ப்பார்கள். உரமும் காய்கறியும் ஏற்றிய வண்டியில் துருவையும் தேடுவார்கள். சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் பேரம் எளிது.

கடன் பாக்கி உள்ள காரை 'சம்போங் பாயார்' முறையில் கொடுக்கவே கூடாது. வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் வங்கி தேடி வருவது கடன் எடுத்தவரைத்தான். முதலில் கடனை அடைத்து, வங்கியின் உரிமைக் கோரிக்கையை நீக்க வேண்டும்.

அடுத்து பி5 பரிசோதனை. இஞ்சின், சேஸி எண்களைச் சரிபார்ப்பார்கள். முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடு ஒளியை விட வேண்டும். கறுப்புத் தாள் ஒட்டியவர்கள் கவனிக்கவும். நிலுவைச் சம்மனையும் கட்டிவிட்டு, சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜே.பி.ஜே.) பெயரை மாற்றலாம்.

பலர் மறப்பது காப்புறுதிக் கழிவு. 55 விழுக்காடு வரை சேரும் அந்த என்.சி.டி. காருக்கு அல்ல, உரிமையாளருக்கே சொந்தம். அடுத்த காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம்.