மாட்டுக்காசு

எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு வருமானத்துக்கும் அம்மா இரண்டு பெயர் வைத்திருந்தார். பால்மரம் சீவி மாதக் கடைசியில் வாங்குவது சம்பளம். மாடு கறந்து விற்பதில் வருவது மாட்டுக்காசு. சம்பளம் அப்பா கைக்குப் போகும், மளிகைக்கடைக் கடனுக்கே பெரும்பாலும் சரியாகிவிடும். மாட்டுக்காசு அம்மாவின் மைலோ டின்னில் விழும். என் பள்ளிச் சீருடை, தம்பியின் காய்ச்சலுக்கு ஈப்போ வரை போன டாக்சி, பாட்டியின் கருமாதி எல்லாம் அந்த டின்னிலிருந்து வந்தவை. "சம்பளம் தொர குடுக்குறது ஆயி, இது நாம சம்பாரிக்கிறது" என்பார் அம்மா.

நான் பிறந்தது 1971இல், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு. பிறகு உளியும் வாளியுமாகத் தீம்பார் என்னும் வெட்டுக்காட்டுக்குப் போய் மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வரும்போது உச்சிவெயில் ஆகிவிடும். ஆனால் எல்லா நாளும் அப்படி நடக்காது. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் குறையும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்தால் பால் சுண்டிவிடும். வானத்தையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற வருமானம் அது. அதனால்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு அம்மா புல்லறுக்கப் போவார். மாட்டுப்பால் கிராணி வீட்டுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கும் போகும். சாணத்தைக் காய்கறி போடும் சீனர் ஒருவர் லாரியில் வந்து மூட்டைக் கணக்கில் எடுத்துப்போவார். லயத்துக்குப் பின்னால் முருங்கை, மரவள்ளி, வெண்டை. அடுத்த வீட்டு மாமா சாயங்காலத்தில் முடி வெட்டுவார், கோடி வீட்டு அக்கா ரவிக்கை தைப்பார். இதையெல்லாம் யாரும் தொழில் என்று சொன்னதில்லை, கைவேலை என்றுதான் சொன்னார்கள்.

இந்தச் சில்லறை எத்தனை பெரிய காரியத்துக்கு உதவியது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். தொழிலாளர் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். என் பாட்டியின் பங்குப் பணம் முட்டை விற்ற காசு என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாள் கூலியில் மாதம் பத்து வெள்ளி மிச்சம் பிடிப்பது எளிதில்லை. எங்கள் பாட்டியைப் போல இன்னும் எத்தனையோ வீட்டுப் பெண்கள் கோழியிலும் மாட்டிலும் அதைத் தேடியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டமும் கைமாறியது. வேலை போனவருக்கு நட்டஈடு தர 1980இல் வந்த ஒழுங்குமுறை இருக்கிறது: ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 20 நாள் சம்பளம். அம்மா மரம் வெட்டியது 22 வருடம். ஆகவே 440 நாள் சம்பளம். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் மாடு இல்லை, புல் இல்லை, முருங்கை மரம் இல்லை. சம்பளச் சீட்டில் இல்லாத எதற்கும் விலை போடவில்லை. ஈப்போவில் புந்தோங் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தோம், மாடுகளை வந்த விலைக்குத் தள்ளினோம். சம்பள வேலை அப்பாவுக்கும் எனக்கும் அங்கே கிடைத்தது. அம்மாவுக்கு மாட்டுக்காசு திரும்பக் கிடைக்கவில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் ஏன் நொடித்துப்போயின என்று கேட்பவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்: பறிபோனது ஒரு வருமானம் இல்லை, இரண்டு.

நல்லவேளையாக, வந்து சேர்ந்த இடம் புந்தோங். கச்சாங் பூத்தே என்றால் மலேசியா முழுக்க நினைவுக்கு வருகிற ஊர். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டுப் பின்கட்டில் கடலை வறுத்து, முறுக்குப் பிழிந்து, தட்டில் அடுக்கித் தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் சினிமாக் கொட்டகை வாசலில் காகிதச் சுருளில் விற்றார்கள். அப்படி வளர்ந்த தொழில் ஒரு பகுதிக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று பெயர் வாங்கித் தந்தது. அப்படி ஒரு வீட்டில் அம்மா முறுக்குப் பிழியப் போனார், மாவின் பதத்தை நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

பகலில் நான் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதுகிறேன். தீபாவளி வந்தால் இரவில் முறுக்கு. பல வருடமாகப் போட்டும் கையில் ஏதும் நின்றதில்லை. 2025 தீபாவளிக்குத்தான், கடைக்கு எழுதுவதுபோலவே எனக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். 60 போத்தல், ஒன்று 20 வெள்ளி, மொத்தம் 1,200. அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், ஓமம் எல்லாம் 610. மிச்சம் 590 என்று மனம் குளிர்ந்தது. பிறகு, முன்பெல்லாம் நான் எழுதாமல் விட்டதை எழுதினேன். போத்தலும் ஒட்டுச்சீட்டும் 90. கேஸ் இரண்டு தோங், ஒன்று 26 வெள்ளி 60 காசு. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 40. நின்றது 406 வெள்ளி 80 காசு. பதினொரு இரவு, இரவுக்கு ஐந்து மணி நேரம், ஆக 55 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 7 வெள்ளி 40 காசுகூட வரவில்லை. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அடுப்பு முன்னால் கால் வீங்க நின்று, சட்டம் வகுத்த அடிமட்டக் கூலியைவிடக் குறைவாக எனக்கு நானே கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததை எல்லா அக்காமாருக்கும் சொல்கிறேன். தோசை மாவு அரைத்தாலும், பூ கட்டினாலும், தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயில் வழியில் மோர் விற்றாலும், உங்கள் மணி நேரத்தை ஒரு செலவாக எழுதுங்கள். எழுதிய பிறகும் மிஞ்சினால் அது வருமானம். மிஞ்சாவிட்டால் விலையை ஏற்றுங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள். நான் அடுத்த தீபாவளிக்குப் போத்தல் 25 வெள்ளி என்று இப்போதே சொல்லிவிட்டேன். நேரம் தின்னும் அச்சு முறுக்கை விட்டுவிட்டேன்.

சட்டத்துக்குப் பயந்து ஒளிந்து செய்கிறவர்கள் அதிகம். பயம் வேண்டாம். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. தின்பண்டம் செய்பவர்கள் உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பதிவுச் சீட்டு கையில் இருந்தால்தான் சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குனின் ஸ்புமி கடனோ, 2024இல் அமானா இக்தியார் நம் பெண்களுக்கென்றே தொடங்கிய 'பெண்' திட்டமோ கேட்கத் தைரியம் வரும். சம்பள வேலை இல்லாமல் கைத்தொழில் மட்டும் செய்பவர்கள் சேமநிதி வாரியத்தின் ஐ-சரான் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், அரசாங்கமும் வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துத் தருகிறது.

தொழிலுக்குப் பணம் புரட்டக் கூட்டுச் சீட்டை நாடுவது நம் பழக்கம். மலாய்க்காரர்கள்கூட அதை 'கூத்து' என்று சொல்லும் அளவுக்குக் 'கூட்டு' என்ற நம் சொல் இந்த நாட்டில் ஊன்றிவிட்டது. 1971இல் வந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு இருக்கிறது. சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். எங்கள் மாடியில் இரண்டு குடும்பங்கள், சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனதால், முதலுக்கு வைத்திருந்த பணத்தை இழந்தன. முகம் தெரியாதவர் நடத்தும் சீட்டில் உழைத்த காசைப் போடாதீர்கள்.

வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் முறுக்குக்குச் சொல்லும்போது, "தெரிஞ்சவங்கதானேக்கா, கொறச்சுப் போடுங்க" என்று கேட்காதீர்கள். பேரங்காடியில் நீங்கள் அப்படிக் கேட்பதில்லை. சொன்ன விலையைக் கொடுங்கள், முடிந்தால் எண்ணெய் வாங்க முன்பணமும் கொடுங்கள்.