நேர் தெற்கே ஒரு குடா

தேசப்படத்திலே கடலூரின் மேல் விரலை வைத்து, நேர் தெற்காக நகர்த்திப் பார்ப்போம். சிதம்பரம், சீகாழி, மன்னார், கற்பிட்டி ஆகியவற்றை அண்டிச் செல்லும் அவ்விரல், அதற்கப்பால் ஒரு தீவையும் தொடாது. சுமார் 9,000 கிலோமீட்டர் கடந்து தென்துருவக் கண்டத்தின் பனிக்கரையில்தான் போய் முட்டும். அதற்குச் சற்று மேற்கே இருப்பது பிரிட்ஸ் குடா. உலகத்தின் மாபெரும் பனியாறுகளில் ஒன்றாகிய லாம்பர்ட், அமேரி என்னும் மிதக்கும் பனித்தட்டாக விரிந்து இக்குடாவில்தான் கலக்கின்றது.

பிரிட்ஸ் என்பவர் யார்? மாலுமியல்லர், விஞ்ஞானியுமல்லர். நார்வே தேசத்துத் திமிங்கில வேட்டைக்காரரின் இன்ஷியூரன்ஸ் சங்கத்து நிர்வாகி! 1931-ஆம் ஆண்டு அவ்வேட்டைக்காரர் இட்ட பெயர் இது. குடாவின் கீழ்க்கரைக்கோ கப்பல் முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனின் மனைவி இங்கிரிட் பெயர் வாய்த்தது. மனிதர் குடியில்லாத நிலத்தில், கப்பலுக்குப் பணம் போட்டவரே பெயருக்கும் உரியவராயினர்.

நம் ஊர்ப் பெயர்கள் பிறந்த விதம் வேறு. தில்லை மரம் அடர்ந்த இடம் தில்லையாயிற்று. அம்மரம் இன்றும் பிச்சாவரத்து உப்பங்கழியில் நிற்கின்றது. ஆறுகள் கூடுமிடம் கூடலூர் என்பர். கப்பலேறி வந்தவர் நமக்கும் பெயரிடாமல் விடவில்லை. பறங்கிப்பேட்டையைப் போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத்துறை, என்றனர். அங்கே தலைமுறை தலைமுறையாக வலை வீசியவருக்கு அது புதுத்துறையா?

பாரத நாடும் அப்பனிக்கண்டத்துக்குப் பெயர் கொண்டு சென்றது. 1983-84-இல் தட்சிண கங்கோத்திரி, 1989-இல் மைத்திரி, 2012-இல் பாரதி என மூன்று நிலையங்கள் எழுந்தன. முதலாவது பனியில் புதைந்து கைவிடப்பட்டது. மூன்றாவதாகிய பாரதி, பிரிட்ஸ் குடாவையொட்டிய லார்செமன் குன்றுகளில், கடலூருக்கு ஏறக்குறையத் தெற்கே நிற்கின்றது. அந்நிலத்தை ஆஸ்திரேலியா தனதென்று சொல்லி வருகின்றது. ஆயினும் 1959-இல் கையொப்பமான தென்துருவ உடன்படிக்கை எவருடைய உரிமைக் கோரிக்கையையும் வலுப்படுத்தாமல் நிறுத்தி வைத்து, ஆராய்ச்சிக்கு எல்லோருக்கும் வழி திறந்திருக்கின்றது.

ஆதலின் அங்கே பெயர் பட்டா ஆகாது. நம் கரைக்கு அது தொலைவிடமுமன்று. வங்கக் கடலின் அடியாழத்துக் குளிர்நீர் தென்துருவத்துப் பக்கத்திலிருந்து பரவி வந்ததேயாம். குடாவின் பெயர் பிரிட்ஸுடையதாகவே இருக்கட்டும். அதன் பனியையும் நீரையும் அளந்தறியும் உழைப்பில் நம்மவர் பங்கு குறையாதிருக்க வேண்டும். தம் ஊருக்கு நேர் தெற்கே இருப்பது என்னவென்று கடலூர், சிதம்பரம் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்களாக. அவ்வுழைப்புக்கு அதுவே தொடக்கம்.