கால் விறைத்தால் சீனி மட்டும்தானா?

கதிரவெளிப் பக்கம் யாராவது "கால் விறைக்குது, உள்ளங்கால் எரியுது" என்றால், "சீனி பார்த்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் அது சரியான கேள்விதான். அடுத்துத் தொழுநோயையும் பார்க்க வேண்டும். மாந்தீவு வைத்தியசாலையை அறிந்த மட்டக்களப்பாருக்கு அது புதிதல்ல. இரண்டும் இல்லை, விறைப்போ மேலே ஏறிக்கொண்டே போகுது என்றால்? அப்போது நினைக்க வேண்டிய ஒரு நோயைப் பற்றியே எழுதுகிறேன்: அமிலாய்டோசிஸ்.

நம் உடம்பிலுள்ள ஒரு புரதம் வடிவம் குலைந்து, கரையாத இழைகளாக நரம்பிலும் இதயத்திலும் படிவதே இந்நோய். நரம்பைத் தாக்கும் இதன் பரம்பரை வகையை 1952இல் விவரித்தவர் போர்த்துக்கல் வைத்தியர் கொரினோ அன்ட்ராடே. அவர் கண்ட நோயாளர்களில் பலர் போவோவா டி வார்சிம் என்ற கடற்கரை ஊரின் மீனவக் குடும்பத்தவர்கள்.

சூடும் குளிரும் தெரியாமல் போவது, இரு கை மணிக்கட்டு நரம்பும் நெரிபடுவது, ஸுஜூதிலிருந்து எழும்பும்போது தலை சுற்றுவது, வயிற்றோட்டமும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது, காரணமின்றி மெலிவது ஆகியன இதன் அடையாளங்கள். சீனி வருத்தத்திலும் இவற்றுள் சில வரும். ஆனால் பல ஒன்றுசேர்ந்து விரைவாக வந்தால் சந்தேகிக்க வேண்டும்.

நரம்பின் மின்கடத்தலை அளக்கும் சோதனை பெரிய இழைகளையே காட்டும். நோய் பெரும்பாலும் சிறிய இழைகளில் தொடங்குவதால், ஆரம்பத்தில் 'ஒண்டுமில்லை' என்றும் முடிவு வரலாம். அதனால் வயிற்றுக் கொழுப்பிலோ உதட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியிலோ நரம்பிலோ சிறு துண்டு எடுத்து, கொங்கோ சிவப்புச் சாயமிட்டு, முனைவாக்கிய ஒளியில் பார்க்கிறார்கள். அமிலாய்டு பச்சையாக ஒளிரும். ஒரு துண்டில் தெரியாததால் நோய் இல்லையென்று ஆகாது.

அது எந்தப் புரதம் என்பதையும் அறிய வேண்டும். எலும்பு மச்சைக் கலங்களால் வரும் வகையை இரத்த, சிறுநீர்ச் சோதனைகள் காட்டும். அதற்குப் புற்றுநோய் மருந்துகள் தேவைப்படும். பரம்பரை வகையை மரபணுச் சோதனை காட்டும். அங்கே கெட்ட புரதம் பெரும்பாலும் ஈரலில் உருவாவதால், 1990இலிருந்து ஈரல் மாற்றினார்கள். இன்று அப்புரதத்தைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. வகை பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். அழிந்த நரம்பு இலகுவில் மீளாது.

பரம்பரை வகை என்றதும் 'மச்சான் மச்சாள் கலியாணம்' என்று பழி போடாதீர்கள். தாய் தகப்பனில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தாலே, ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. வந்தவர் எல்லாருக்கும் நோய் வெளிப்படுவதுமில்லை. ஆகவே மறைக்காமல், "வாப்பாக்கும் இப்படித்தான் கால் விறைச்ச, பிறகு நெஞ்சு வருத்தத்தில மவுத்தானவர்" என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பல வேளைகளில் நோயறிதலின் முதற்படி அந்த ஒரு வசனம்தான்.