சொந்தச் செலவில் மரபணு ஆராய்ச்சி

விஞ்ஞானப் பட்டம் பெற்ற பிள்ளையைக் கலாநிதிப் பட்டத்துக்குக் கடல் கடந்து அனுப்ப எண்ணும் பெற்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர். புலமைப்பரிசில் கிட்டாதவிடத்துக் காணியை ஈடுவைத்தேனும் செலவைத் தாமே ஏற்க முற்படுவோரும் உளர். மரபணுப் பொறியியலைப் பொறுத்தமட்டில், பணத்தைக் கட்டுமுன் அறியவேண்டியன சில உண்டு.

மரபணுப் பொறியியல் என்பது யாது? ஓர் உயிரின் மரபணுவை நொதியங்களால் வெட்டியெடுத்து, வேறோர் உயிரின் கலத்தினுள் இயங்கச் செய்யும் கலையே அது. 1973 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான கோயனும் போயரும் இதற்கு வழி காட்டினர். 1982 ஆம் ஆண்டில், பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் நீரிழிவு நோயாளருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

வரலாறு ஆராய்பவருக்கு நல்ல நூலகம் பெருந்துணை. மரபணு ஆராய்பவருக்கு அது போதாது. அவர் கையாளும் நொதியங்கள் பல, உறைநிலைக்கு இருபது பாகை கீழே காக்கப்பட வேண்டியவை, விலையும் மிகுந்தவை. ஆகவே, பல்கலைக்கழகக் கட்டணம் செலவின் ஒரு பகுதியே. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, பிறநாட்டு மாணவரிடம் உயர்ந்த கட்டணத்தோடு ஆய்வுகூடச் செலவையும் தனியே அறவிடுகின்றன. ஆராய்ச்சியோ மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். இடையிற் பணம் தீர்ந்தால் பட்டமும் இல்லை, காணியும் இல்லை.

எனவே, மாணவர் முதலில் தேடவேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரையன்று; ஆராய்ச்சி நிதியுள்ள பேராசிரியரை. அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, தமது ஆராய்ச்சி நோக்கத்தைச் சுருக்கமாக எழுதியனுப்புதல் நன்று. இரசாயனப் பொருள்களின் செலவு யாருடையது, காலம் நீண்டால் கட்டணம் என்னாகும், முன்னைய மாணவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர் என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். சொந்தப் பணமே தேவைப்படாத வழிகளும் உள. அமெரிக்காவின் உயிரியற் பகுதிகள் பல, கலாநிதி மாணவருக்குக் கட்டணத்தை விலக்கி உதவிப்பணமும் வழங்குகின்றன. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கலாநிதி ஆராய்ச்சிக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை.

கொழும்பிலேயே தொடங்குவதும் தக்க வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழினுட்ப நிறுவகம் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் உள்ளது. அத்தகைய நிறுவகமொன்றில் முதுமாணிப் பட்டத்துக்குப் பயின்று ஆய்வுகூடப் பழக்கம் பெற்றவரின் விண்ணப்பத்தை வெளிநாட்டுப் பேராசிரியர் எளிதில் ஒதுக்கமாட்டார்.

ஹர் கோவிந்த் குரானா 1948 ஆம் ஆண்டில் லிவர்பூலிற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், சூரிச் நகரில் பேராசிரியர் பிரெலொக்கிடம் ஏறக்குறைய ஓராண்டு ஊதியமின்றி உழைத்தார். 1968 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1970 ஆம் ஆண்டில் அவர் குழுவினர் மரபணுவொன்றைச் செயற்கையாக ஆக்கினர். ஊதியமின்றி அவர் சேர்ந்தது தாம் நாடிய ஆசிரியரிடம், அதுவும் ஓராண்டுக்கே. கைப்பணத்தோடு புறப்படும் மாணவர் மனத்திற் கொள்ளவேண்டிய அளவு இதுவே.