ஐவர் கூடினால் கோஷ்டியாகுமா?

ஐந்து விரலும் ஒன்றுபோல் இரா என்பது நம் முதியோர் வாக்கு. ஒன்றுபோல் இராத அவ்விரல்கள் கூடினாலன்றி ஒரு கவளமும் வாய்க்கு எட்டாது என்பதும் நாம் நாள்தோறும் காண்பதே. இருந்தும், திறமைசாலிகள் நால்வர் ஐவரை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் காரியம் தானே நடந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. உத்ஸாகத்துடன் சங்கம் தொடங்குகிறார்கள். பெயர்ப் பலகை மாட்டுகிறார்கள். ஆறு மாதம் செல்லுமுன் காரியதரிசி ஒரு பக்கமும் பொக்கிஷதார் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இதற்குக் காரணம் என்ன? ஆட்குறைவா, அறிவுக்குறைவா, பொருட்குறைவா? இம்மூன்றிலும் குறையில்லாத இடங்களிலும் இதே கதி நேர்வதைப் பார்க்கையில், குறை வேறிடத்தில் இருக்கிறதென்றே கொள்ளவேண்டும். அதை விளக்க, வாசகர் பலர் எதிர்பாராத ஒரு துறையிலிருந்து உதாரணம் எடுத்துக்கொள்கிறோம். இளைஞர்கள் கணினியின் முன் அமர்ந்து இணையவழி ஆடும் போட்டியாட்டமே அத்துறை.

இதைப் பற்றி எழுத இப்பக்கந்தானா கிடைத்தது என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். பணத்தைப் பந்தயமாகக் கட்டிக் குடும்பங்களைப் பாழாக்கும் இணையச் சூதாட்டத்தையும் இதையும் அவர்கள் ஒன்றெனக் கருதுவதே அதற்குக் காரணம். இரண்டும் வேறு. 2025ஆம் ஆண்டில் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, திறமையால் வெல்லும் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. ஆட்டம் நல்லதா கெட்டதா என்னும் வாதம் ஒருபுறமிருக்க, அதில் ஒரு கோஷ்டி எவ்வாறு அமைகிறது, எவ்வாறு உடைகிறது என்பது பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவரும் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

‘டோட்டா 2’ என்பது அத்தகைய ஆட்டங்களில் ஒன்று. பக்கத்துக்கு ஐவர் ஆடுவர். நூற்றுக்கு மேற்பட்ட கற்பனை வீரர்களிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு வீரனைத் தேர்ந்துகொள்வர். எதிராளிக்குத் தோதான வீரர்களை விலக்கவும் ஒவ்வொரு தரப்புக்கும் உரிமையுண்டு. ஆகவே, ஆட்டம் தொடங்குமுன்னரே பாதி யுத்தம் நடந்துவிடுகிறது. மூன்று பாதைகள் வழியே முன்னேறி, காவற்கோபுரங்களைத் தகர்த்து, எதிரியின் கோட்டை நடுவிலுள்ள மூலக் கட்டடத்தை அழிப்பவர்க்கே ஜயம். ஐவரும் ஹெட்போன் வழியே ஓயாது பேசிக்கொண்டே ஆடுவர். ஒருவன் ஒரு கணம் தயங்கினாலும் ஐவரும் மாள நேரும்.

இனி, இவ்வாட்டத்தின் உயிர்நிலையைக் கவனிப்போம். களத்தில் கிடைக்கும் பொன்னுக்கு அளவுண்டு. அப்பொன்னைக் கொண்டே வீரர்கள் ஆயுதமும் கவசமும் வாங்கவேண்டும். ஐவரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒருவரும் பலம்பெற மாட்டார். எனவே முதல் ஸ்தானத்தான் மிகுதியாகப் பெறுகிறான். ஐந்தாம் ஸ்தானத்தானுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அவனுடைய வேலையோ முதல்வனைக் காப்பது, இருளான இடங்களில் கண்காணிப்பு வைப்பது, வேண்டும்போது பிறனுக்காகத் தான் சாவது. பார்ப்போர் கரகோஷம் செய்வது முதல்வனுக்கே. ஐந்தாமவன் இல்லாவிடில் முதல்வன் நிலைத்திருக்க மாட்டான் என்பதை ஆட்டம் தெரிந்தவர்களே அறிவர். அந்த ஐந்தாம் இடத்தில் மனமுவந்து நிற்க ஒருவன் கிடைப்பதைப் பொறுத்தே கோஷ்டி அமைகிறது.

இவ்வாட்டத்தின் தலையாய போட்டி ‘தி இண்டர்நேஷனல்’ எனப்படும். 2011 முதல் இதனை அமெரிக்கக் கம்பெனியான வால்வ் நடத்தி வருகிறது. 2018ஆம் ஆண்டில் கம்பெனி இட்ட அடிப்படைப் பரிசு 16 லட்சம் டாலர். அப்போட்டியை ஒட்டி ஆட்ட ரசிகர்கள் வாங்கிய பொருள்களின் விலையில் காற்பங்கு சேர்ந்ததால் பரிசுத் தொகை 2 கோடியே 55 லட்சம் டாலராகப் பெருகிற்று. இவ்வளவு பெரிய பொருளும் புகழும் கண்முன் இருக்கும்போது, கோஷ்டிகள் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை. ஒவ்வோராண்டும் போட்டி முடிந்தவுடன், தோற்றவர்கள் பிரிந்து வேறு வேறாகச் சேர்வது அங்கு வழக்கமாகிவிட்டது.

‘ஓஜி’ என்னும் ஐரோப்பியக் கோஷ்டி 2015இல் தோன்றியது. டென்மார்க் தேசத்தவரான மிஸ்டர் ஜோஹான் சண்ட்ஸ்டைனும், இஸ்ரேல் தேசத்தவரான மிஸ்டர் டால் ஐசிக்கும் அதனை நிறுவியவர்கள். வேறோர் ஆட்டத்தில் சேர்ந்து ஆடிய காலந்தொட்டு அவர்கள் நண்பர்கள். ஐசிக் தலைமையில் அக்கோஷ்டி 2015இல் பிராங்க்பர்ட், 2016இல் மணிலா, பாஸ்டன், 2017இல் கீவ் ஆகிய நான்கு ‘மேஜர்’ போட்டிகளை வென்றது. ஆயினும் ‘தி இண்டர்நேஷனல்’ மட்டும் கைகூடவில்லை. 2018 மே மாத முடிவில், அவ்வாண்டுப் போட்டிக்கு மூன்று மாதங்கூட இல்லாத நிலையில், ஐசிக்கும் ஸ்வீடன் தேசத்தவரான மிஸ்டர் குஸ்தாவ் மாக்னுசனும் விலகி ‘ஈவில் ஜீனியசஸ்’ என்னும் அமெரிக்கக் கோஷ்டியில் சேர்ந்தனர். நிறுவியவருள் ஒருவரே போய்விட்டார். ஆட்கள் மாறியதால் போட்டிக்கு நேரே அழைப்புப் பெறும் வாய்ப்பும் போயிற்று. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளக்கூடிய முதற்படித் தகுதிப் பந்தயத்திலிருந்து தொடங்கவேண்டிய கதி ஏற்பட்டது.

இத்தகைய தருணத்தில் சாதாரணத் தலைவர்கள் செய்வது யாது? போனவர்மீது வசை பொழிவார்கள். அறிக்கைக்கு மறு அறிக்கை விடுவார்கள். எஞ்சியிருப்போரின் பொழுதையும் அதிலேயே கழிப்பார்கள். சண்ட்ஸ்டைன் ஆள் தேடினார். அவரோடு எஞ்சியிருந்தவர் பின்லாந்துக்காரரான மிஸ்டர் ஜெஸ்ஸி வைனிக்கா. அதுகாறும் பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் மிஸ்டர் செபாஸ்டியன் டெப்ஸ் தாமே களத்தில் இறங்கினார். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் ஆட்டத்தினின்றும் ஒதுங்கியிருந்த ஆஸ்திரேலிய இளைஞர் அனாதன் ஃபாம் திரும்பி வந்தார். ஐந்தாமவராக டோபியாஸ் டாவிட்சைனென் என்னும் இருபது வயதுப் பின்லாந்து வாலிபர் சேர்ந்தார். அவ்வளவு பெரிய சர்வதேச அரங்கொன்றில் அவர் அதற்குமுன் ஆடியவரல்லர். பேர்பெற்ற ஆட்டக்காரர்களைப் பெரும்பொருள் கொடுத்து வளைத்துப்போட்ட கூட்டமன்று இது. ஒருவரையொருவர் நம்பத் தயாராயிருந்தவர்களின் கூட்டம்.

இங்கே நாம் முக்கியமாகக் குறிப்பிடவேண்டியது வேறொன்று. கோஷ்டி தோன்றிய காலத்தில் சண்ட்ஸ்டைன் ஆடியது முதல் ஸ்தானம். பொன் முழுதும் தம்மிடம் வந்து சேரும் இடம் அது. இப்போது தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், 2018இல் வான்கூவர் நகரப் போட்டியில் ஆடியது ஐந்தாம் ஸ்தானம். அதாவது, தலைவர் தமக்கு மிகச் சிறிய பங்கை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் பெருஞ்செல்வத்தைப் பத்தொன்பது வயதும் நிறையாத ஃபாமின் கையில் ஒப்புவித்தார். ‘உன்னை நம்புகிறேன்’ என்று ஆயிரம் முறை வாயால் சொல்வதைவிட, இவ்வொரு செயல் அவ்விளைஞருக்கு அதிகம் சொல்லியிருக்கும் என்பதில் ஐயமில்லை. மனத்தின் உறுதியையும் அவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. மியா ஸ்டெல்பர்க் என்னும் பின்லாந்து மனோதத்துவ நிபுணரின் உதவியை நாடினார்கள்.

தகுதிப் பந்தயங்களைக் கடந்து அவர்கள் வான்கூவர் சேர்ந்தனர். விதியின் விநோதத்தைப் பாருங்கள். மேலடுக்குப் பந்தயத்தில் அவர்களுக்கு எதிரே வந்து அமர்ந்தது, ஐசிக்கும் மாக்னுசனும் ஆடிய கோஷ்டியே! ஓஜி 2-1 என்ற கணக்கில் வென்றது. 2018 ஆகஸ்டு 25ஆந் தேதி நடந்த இறுதிப் போட்டியில் சீனத்தின் பலம்பொருந்திய ‘பிஎஸ்ஜி எல்ஜிடி’ கோஷ்டி இரண்டுக்கு ஒன்று என முந்தியது. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் எல்லாம் முடிந்தது. நான்காம் ஆட்டத்திலும் பின்தங்கியே இருந்த ஓஜி, டெப்ஸ் துணிந்து பாய்ந்து எதிரிகளை மடக்கிய ஒரு கணத்தில் தலைநிமிர்ந்தது. அதை வென்று, ஐந்தாம் ஆட்டத்தையும் வென்று, 1 கோடியே 12 லட்சம் டாலர் பரிசைக் கைக்கொண்டது. மே மாதம் சிதறிக் கிடந்தவர்கள் ஆகஸ்டு மாதம் உலகை வென்றார்கள்.

குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னோரும் உண்டு. அடுத்த சில மாதங்கள் அவர்கள் வாதத்துக்கு வலுவளிப்பனவாகவே இருந்தன. ஃபாம் மீண்டும் ஓய்வெடுத்தார், கோஷ்டி தடுமாறியது, 2019 மார்ச்சில் அவர் திரும்பினார். மறுமாதம் 13ஆந் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் அவ்வைவரும் மனிதரல்லாத எதிரியைச் சந்தித்தனர். ‘ஓப்பன் ஏஐ’ என்னும் அமெரிக்க ஸ்தாபனம் பயிற்றிய ஐந்து செயற்கை ஆட்டக்காரர்களே அவ்வெதிரி. பதினேழு வீரர்களை மட்டும் கொண்டு நடந்த அப்பந்தயத்தில் உலகச் சாம்பியன்கள் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றனர்.

அவ்வியந்திரத்தைப் பயிற்றிய விதத்தில் நமக்கு ஒரு பெரும் பாடம் இருக்கிறது. அதனை அமைத்தோர் ‘கோஷ்டி மனப்பான்மை’ என்று பொருள்படும் பெயருடன் ஓர் எண்ணை வைத்திருந்தனர். அவ்வெண் பூஜ்யமாயின், ஒவ்வொரு வீரனும் தன் சொந்த லாபத்தையே நாடுவான். ஒன்றாயின், ஐவரின் லாபமும் ஒன்றே எனக் கருதுவான். முதலில் ஒவ்வொருவனும் தன் தொழிலைக் கற்கவேண்டும் என்பதற்காக, அவ்வெண்ணைத் தாழ்வாக வைத்து, பயிற்சி முற்ற முற்ற ஒன்றை நோக்கி உயர்த்தினார்கள். இதன் கருத்து யாது? தன் வேலையைத் தெரியாதவன் பேசும் ஐக்கியம் வெறும் பேச்சு. தன் வேலை தெரிந்தபின்னும் சொந்த லாபத்தையே நோக்குபவன் கோஷ்டிக்கு உதவான். இயந்திரத்தில் அவ்வெண்ணை உயர்த்தப் பொறிவல்லார் போதும். மனித உள்ளத்தில் அதை உயர்த்துவது யார்? தலைவரின் நடத்தையன்றி வேறெதுவுமில்லை.

தோல்வியால் அவர்கள் மனமுடையவில்லை. 2019 ஆகஸ்டில் ஷாங்காய் நகரில் அதே ஐவர் மீண்டும் இறங்கினர். துணைவனாகவே பெரும்பாலோர் கருதிவந்த ‘ஐயோ’ என்னும் வீரனை ஃபாம் முதல் ஸ்தானத்தில் வைத்து ஆடியதைக் கண்டு உலகம் திகைத்தது. இறுதிப் போட்டியில் ‘டீம் லிக்விட்’ கோஷ்டியிடம் முதல் ஆட்டத்தை இழந்து, அடுத்த மூன்றையும் தொடர்ந்து வென்றனர். அப்போட்டியை இருமுறை வென்ற முதற் கோஷ்டி என்னும் கீர்த்தியும், 1 கோடியே 56 லட்சம் டாலரும் அவர்களைச் சேர்ந்தன. அதிர்ஷ்டம் ஒருமுறை வாசலில் வந்து நிற்கலாம், அழைத்தபோதெல்லாம் வராது.

அந்தக் கூட்டமும் என்றும் நிலைத்திருக்கவில்லை. 2020 தொடக்கத்திலேயே வைனிக்கா ஓய்வுபெற்றார். மற்றவர்களும் படிப்படியாக விலகினர். 2021இல் புக்காரெஸ்டு நகரில் மூன்றாம் ஜயம் கிட்டவில்லை. எந்தக் கோஷ்டியும் சாசுவதமன்று. இருக்கும் காலத்தில் அது ஒரே உள்ளத்துடன் உழைத்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஐசிக் முதலியோர் விலகியதையும் நாம் துரோகம் என்று கூற முன்வரமாட்டோம். வேறிடத்தில் தம் முயற்சி பலிக்கும் என்று கருதுவோர் செல்ல உரிமை பெற்றவர்களே. போனவர் போனபின் இருப்பவர் என்ன செய்தார் என்பதில்தான் தலைமையின் தரம் வெளிப்படுகிறது.

நம் ஊர்ச் சங்கங்களிலும் வாலிபர் கழகங்களிலும் தலைமை வகிப்போர் இவ்வரலாற்றைச் சற்றே சிந்திப்பார்களாக. மேடையில் நடுநாற்காலி, மாலையில் முதல் மாலை, பத்திரிகையில் முதற்பெயர் ஆகிய அனைத்தும் தலைவருக்கே என்னும் ஏற்பாடு நம்மிடையே எவ்வளவு சாதாரணமாகிவிட்டது! பொன் முழுதும் முதல்வன் பையில் விழ, அம்முதல்வனே தலைவனாகவும் இருக்கும் கூட்டத்தில், ஐந்தாமவன் எதற்காகத் தன்னைப் பலிகொடுப்பான்? புதிதாக வந்த இளைஞனிடம் பொறுப்பான வேலையை ஒப்புவிக்க அஞ்சும் தலைவர், அவன் ஒருநாள் வேறிடம் சென்றால் வருந்துவதில் பொருளுண்டோ? தவறு நேர்ந்தால் அதைத் திருத்துவதற்குப் பதிலாகக் குற்றவாளியைத் தேடும் கூட்டம், அடுத்த பந்தயத்துக்கு எவ்வாறு எழுந்து நிற்கும்?

ஆகவே, அடுத்த வாரம் உங்கள் சங்கத்தின் காரியக்கமிட்டி கூடும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். யாருக்கும் விருப்பமில்லாத, யாரும் புகழாத வேலை எது என்று கேளுங்கள். கணக்கெழுதுவதாயிருக்கலாம், வீடுவீடாகச் சந்தா வசூலிப்பதாயிருக்கலாம், கூட்டம் முடிந்தபின் ஜமக்காளம் மடிப்பதாயிருக்கலாம். அதைத் தலைவர் தாமாக முன்வந்து ஏற்பாராயின், அச்சங்கம் நிலைக்கும் என்று நாம் துணிந்து கூறுவோம்.