எட்டாவது காரணம்

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் புத்தர் தங்கியிருந்தபோது மோளியசீவகர் என்ற துறவி அவரைப் பார்க்க வந்தார். மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்டார்.

புத்தர் சொன்னது ஒரு வைத்தியரின் பதில். சில வேதனைகள் பித்தத்தால் வருகின்றன. சில கபத்தால், சில வாதத்தால், சில இந்த மூன்றும் சேர்ந்து கெடுவதால். பருவம் மாறுவதால் வருபவை உண்டு. உடம்பைப் பேணாமல் கண்டபடி நடப்பதால் வருபவை உண்டு. பிறர் தாக்குவதால் வருபவையும் உண்டு. வினைப்பயனால் வருவது எட்டாவது. எல்லாவற்றையும் முன்வினைமேல் போடுகிறவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்தத் தொகுப்பில் உள்ள சின்னஞ்சிறு சூத்திரம் இது. நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று பெருமூச்சு விடும் பெரியவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டலாம்.

அப்படியானால் கர்மம் என்பது எது? செயலுக்குப் பின்னால் நிற்கும் எண்ணத்தின் முனைப்பே கர்மம் என்கிறது அங்குத்தர நிகாயம். இதற்கு உதாரணமாகக் காட்டப்படுவது சக்குபாலர் என்ற பிக்குவின் கதை. தம்மபத உரை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. மழைக்காலம் மூன்று மாதமும் படுப்பதில்லை என்று விரதம் பூண்டவர் அவர். கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. வைத்தியர் மூக்கில் விடும் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, படுத்தபடி விட்டுக்கொள்ளச் சொன்னார். இவரோ உட்கார்ந்தபடியே விட்டுக்கொண்டார். மருந்து பலிக்கவில்லை, பார்வை போனது. பார்வை போன அதே இரவில் ஞானமும் கைகூடியது. பிறகு ஒருநாள், மழை பெய்து ஓய்ந்த தரையில் அவர் நடக்கையில் பூச்சிகள் மிதிபட்டுச் செத்தன. மற்ற பிக்குகள் புகார் சொன்னார்கள். கொல்லும் எண்ணம் இல்லாததால் குற்றமில்லை என்றார் புத்தர்.

கதை அத்தோடு நிற்பதில்லை. இப்படிப்பட்டவர் ஏன் குருடானார் என்ற கேள்வி எழ, முற்பிறவியில் வைத்தியராக இருந்த இவர், தன்னை ஏமாற்றிய ஒரு பெண்ணின் கண்ணை மருந்திட்டுக் கெடுத்தார் என்று பதில் வருகிறது. ஓர் இழப்புக்கு இரண்டு காரணங்கள்! உரையாசிரியருக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. என் சாய்வு முதல் காரணத்தின் பக்கம். படுத்து மருந்து விட்டிருந்தால் கண் பிழைத்திருக்கலாம். வினைப்பயன் எது எப்படி விளையும் என்று கணக்குப் போடப் புகுந்தவருக்குச் சித்தம் கலங்கும் என்று புத்தரே எச்சரித்திருக்கிறார்.

கர்மம் உண்டாகும் இடத்தை, மனத்தைப் பகுத்து ஆராயும் அபிதம்ம நூல்கள் வியப்பூட்டும் நுணுக்கத்தோடு தேடுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து அபிதம்மாவதாரம் எழுதிய புத்ததத்தர் இந்த மரபில் வந்தவர். ஒரு பொருளைத் தெளிவாகக் காணும் நிகழ்ச்சியை இந்நூல்கள் 17 சித்தக் கணங்களாகப் பகுக்கின்றன. கண்ணில் படுவதும் அதை மனம் ஏற்பதும் பழைய வினையின் பயன். அவற்றில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதன்பின் ‘ஜவனம்’ என்று வழக்கமாக ஏழு கணங்கள் ஓடும். விருப்பு, வெறுப்பு, இரக்கம் எல்லாம் அங்கேதான் எழுகின்றன. புதிய கர்மம் பிறப்பதும் அந்த ஏழில்தான்.

நெரிசலான பேருந்தில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிடுகிறார். வலி உங்கள் கையில் இல்லை. அடுத்து வாயில் வரும் சொல் உங்களுடையது. அதற்குள் அத்தனை கணங்களையும் யார் எண்ணிக்கொண்டிருப்பது என்று கேட்கலாம். எண்ண வேண்டியதில்லை. தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் கொடுத்த பயிற்சி இதைவிட எளியது. செய்யுமுன், செய்கையில், செய்தபின் என மூன்று முறை பார்க்க வேண்டும்: இது எனக்கோ பிறருக்கோ கேடு தருமா? செய்யுமுன்பே தெரிந்தால் விட்டுவிடு. பாதியில் தெரிந்தால் நிறுத்து. உடலாலோ சொல்லாலோ செய்து முடித்த பிழை என்றால் ஆசானிடமோ அறிவுள்ள தோழனிடமோ ஒப்புக்கொள். மனத்தோடு நின்றுபோன பிழைக்கு, வெட்கப்பட்டு விலகினால் போதும். பிழையே இல்லை என்று கண்டால், அந்த மகிழ்ச்சியோடு இருந்துவிடலாம். அதையும் பயிற்சியின் பகுதியாகவே சொல்லியிருக்கிறார்.